குளிர்காலத்துல பூனைப்பருந்து பாக்குறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பருந்து பாக்கணும்னா அண்ணாந்து பாக்கணும்னுதான் நமக்குப் பழக்கம். வானத்துல வட்டம் போடும், கரண்ட் கம்பத்து மேல ஒக்காந்திருக்கும், மீன் மார்க்கெட் பக்கம் சுத்தும். ஆனா வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல நம்ம ஊருக்கு வந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் தங்கிட்டுப் போற ஒரு பருந்துக் குடும்பம் இருக்கு. அதை அண்ணாந்து பாத்துத் தேடுனா பெரும்பாலும் கிடைக்காது, ஏன்னா அது புல்லுக்கு மேல ஒரு ஆள் உயரத்துல, சில நேரம் இடுப்பு உயரத்துலயே பறந்துட்டு இருக்கும். பூனைப்பருந்துன்னு தமிழ்ல பேரு. பறவை பாக்குறவங்க பேசிக்கிறப்ப ஹாரியர்னுதான் சொல்லுவாங்க, நானும் ரெண்டையும் மாத்தி மாத்திதான் எழுதப் போறேன்.

இந்தியாவுக்கு மொத்தம் ஆறு வகை ஹாரியர் வருது. அதுல நம்ம தமிழ்நாட்டுல ஒழுங்கா ஒவ்வொரு சீசனும் பாக்கக் கிடைக்கிறது மூணு. ஏரி, சதுப்பு நிலம், நெல் வயல் பக்கம் சுத்துற மார்ஷ் ஹாரியர், காஞ்ச புல்வெளியிலயும் மானாவாரிக் காட்டுலயும் சுத்துற மாண்டேகு ஹாரியர், அப்புறம் பாலிட் ஹாரியர். மிச்சம் மூணுல ஹென் ஹாரியர் வடக்கத்தி ஆளு, ஈஸ்டர்ன் மார்ஷ் கிழக்கு, வடகிழக்குப் பக்கம், கருப்பு வெள்ளையா இருக்குற பைடு ஹாரியரும் அதிகமா வடகிழக்குலதான், எப்பவாச்சும் நம்ம பக்கம் ஒண்ணு தட்டுப்படும், அன்னைக்கு பறவை பாக்குறவங்க குரூப்புல எல்லாருக்கும் தூக்கம் போயிடும்.

நாம தேடப் போறது பாலிட். உலக அளவுல உயிரினங்களோட நிலவரத்தைக் கணக்கெடுக்குற ஐயுசிஎன் அமைப்பு, இதை அச்சுறுத்தல் நிலையை நெருங்குற பறவைன்னு (Near Threatened) பட்டியல்ல வச்சிருக்கு. கசகஸ்தான், தெற்கு ரஷ்யா பக்கம் இருக்குற பரந்த ஸ்டெப்பி புல்வெளியில தரையிலயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும், குளிர் வந்துச்சுன்னா கொஞ்சம் ஆப்பிரிக்காவுக்குப் போகும், கொஞ்சம் இந்தியாவுக்கு வரும். அந்த ஸ்டெப்பியை உழுது உழுது விவசாய நிலமா மாத்துனதுதான் இது கொறஞ்சதுக்குப் பெரிய காரணம்னு சொல்றாங்க. இங்க வந்தா தங்குற புல்வெளியும் கொறையுது, அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ஹாரியர்னா என்ன, மத்த பருந்துல இருந்து எதுல வித்தியாசம்னு புரிஞ்சுக்கணும், அது புரியாம பைனாகுலர் வாங்கிட்டுக் கிளம்புனா காசுதான் வேஸ்ட். ஹாரியரோட உடம்பு ஒல்லி, இறக்கை நீளம், வால் நீளம், காலும் நீளம். மாண்டேகு ஆணை எடுத்துக்கங்க, எடை சுமார் 250லேருந்து 300 கிராம்தான் இருக்கும், நம்ம வீட்டுக் காக்கா எடைதான் கிட்டத்தட்ட, ஆனா இறக்கையை விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல வரும். இவ்ளோ லேசான உடம்புக்கு இவ்ளோ பெரிய இறக்கை இருக்குறதாலதான் அதால ரொம்ப மெதுவா, கீழ விழாம பறக்க முடியுது. மத்த வேட்டைப் பறவைங்க வேகத்தை வச்சுப் பொழைக்குது, இது மெதுவாப் போறதை வச்சுப் பொழைக்குது. புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்குற வெட்டுக்கிளியையும் எலியையும் புடிக்க அதான் தேவை.

இன்னொரு விஷயம் முகம். ஹாரியரோட முகத்தைக் கிட்டத்துல பாத்தா ஆந்தை மாதிரி வட்டமா ஒரு தட்டு அமைப்பு இருக்கும், ஓரத்துல சின்னச் சின்ன இறகு வரிசை. ஆந்தைக்கு எதுக்கோ அதே காரணம்தான் இதுக்கும், சத்தத்தைக் குவிச்சுக் காதுக்கு அனுப்புறது. புல்லுக்கு அடியில எலி நகர்ற சத்தத்தைக் கேட்டே எங்க இருக்குன்னு கண்டுபுடிக்கும். கண்ணை மட்டும் நம்புற பருந்து இல்ல இது. தாழப் பறக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்ப அது வேட்டையாடுறதைக் கவனிங்க, ஏன்னா பறக்குற விதத்தை வச்சுத்தான் 90 சதவீத நேரம் நீங்க இதை அடையாளம் காணப் போறீங்க, நிறத்தை வச்சு இல்ல. வயலோட ஒரு ஓரத்துல இருந்து ஆரம்பிக்கும். நாலஞ்சு தடவை இறக்கையை அடிக்கும், அப்புறம் இறக்கையை லேசா மேல தூக்கி, எதிர்ல இருந்து பாத்தா வி எழுத்து மாதிரி வச்சுக்கிட்டு அப்படியே சறுக்கும், லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். தலை மட்டும் கீழ குனிஞ்சே இருக்கும். வயல் கடைசி வரைக்கும் போயி, திரும்பி, கொஞ்சம் தள்ளி அடுத்த வரிசையில வரும், ஏர் ஓட்டுற மாதிரி சால் சாலா மொத்த நிலத்தையும் அளக்கும். திடீர்னு ஒரு இடத்துல பிரேக் போடும், வாலை விசிறியா விரிக்கும், ஒடம்பைத் திருப்பும், அந்த நீளக் காலை முன்னாடி நீட்டிட்டு புல்லுக்குள்ள விழும். பெரும்பாலான தடவை ஒண்ணும் கிடைக்காது. ரெண்டு செகண்ட்ல வெறுங்காலோட எந்திரிச்சு மறுபடி அதே வேலை. ஒரு நிமிஷத்துக்கு மேல எந்திரிக்கலன்னா ஏதோ மாட்டிருச்சுன்னு அர்த்தம், அங்கயே தரையில ஒக்காந்து சாப்ட்டுட்டு இருக்கும். அப்ப அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க, எப்ப வேணா எந்திரிக்கும்.

புதுசா வர்றவங்க இதை எதோட கொழப்பிக்குவாங்கன்னா முக்கியமா ரெண்டு. ஒண்ணு கரும்பருந்து, நம்ம ஊர்ல குப்பை மேட்டுக்கு மேல கூட்டமா சுத்துமே அது. அதுக்கு வால் நுனி உள்ள வெட்டுன மாதிரி கவட்டையா இருக்கும், பறக்குறப்ப வாலை முறுக்கிட்டே இருக்கும், இறக்கையை வி மாதிரி தூக்காது. ரெண்டாவது கருந்தோள் பருந்து, இதான் பாலிட் தேடுறவங்களைப் பாடாப் படுத்தும், ஏன்னா இதுவும் சாம்பலும் வெள்ளையுமா இருக்கும், இதுவும் வயக்காட்டுலதான் இருக்கும். ஆனா அது சின்னது, வால் குட்டை, கரண்ட் கம்பியில நல்லா ஜம்முனு ஒக்காந்திருக்கும், வேட்டையாடுறப்ப ஒரே இடத்துல அந்தரத்துல இறக்கை அடிச்சுட்டு நிக்கும். ஹாரியர் கம்பியில ஒக்காராது. உக்காரணும்னா தரையில, வரப்புல, மண் மேட்டுல, மிஞ்சிப் போனா வேலிக் கல்லு மேல. கம்பியில ஒரு வெள்ளைப் பருந்தைப் பாத்துட்டு பாலிட் கெடச்சிருச்சுன்னு குதிக்கிறவங்க வருஷத்துக்கு பத்து பேராவது வராங்க, அதுலயும் தப்பில்ல, கருந்தோளும் அழகான பறவைதான், கண்ணு செக்கச் செவேல்னு இருக்கும்.

சரி, ஹாரியர்தான்னு முடிவாயிருச்சு, எந்த ஹாரியர்? இங்கதான் கஷ்டமே.

ஈஸியானதை மொதல்ல முடிச்சிருவோம். மார்ஷ் ஹாரியர் மூணுலயும் பெருசு, கனமானது, இறக்கை அகலம். பெண் பறவை கரும் பழுப்பு, தலை உச்சியும் தொண்டையும் மட்டும் வெண்ணெய் நெறம், தூரத்துல இருந்தே அந்தத் தலை பளிச்சுன்னு தெரியும். ஆணுக்கு இறக்கையில பழுப்பு, சாம்பல், கருப்புன்னு மூணு நெறம். பள்ளிக்கரணை, பழவேற்காடு மாதிரி இடத்துல குளிர்காலத்துல போயி நின்னீங்கன்னா இது கண்ணுல படுறதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு. அதைத் தேடவே வேணாம், தண்ணியில அமைதியா மேஞ்சுட்டு இருக்குற வாத்தும் நாமக்கோழியும் ஒட்டுமொத்தமா அலறிட்டு ஓடுச்சுன்னா எங்கயோ மார்ஷ் வருதுன்னு அர்த்தம். ஆரம்பிக்கிறவங்களுக்கு என்னோட அட்வைஸ் இதான்: மொத சீசன் பூரா மார்ஷ் ஹாரியரையே பாத்துத் தள்ளுங்க. அதோட சறுக்கல், அந்த வி, திரும்புற விதம், எல்லாம் கண்ணுக்குப் பழகிருச்சுன்னா, அப்புறம் காஞ்ச காட்டுல ஒல்லியா ஒண்ணு போறப்ப இது வேறன்னு கண்ணே சொல்லிரும். நேரா அபூர்வமானதைத் தேடிப் போறவங்களுக்கு எதோட ஒப்பிடுறதுன்னே தெரியாது.

அடுத்து மாண்டேகு ஆணும் பாலிட் ஆணும். ரெண்டுமே சாம்பல். ஆனா பாலிட் ஆண் ரொம்ப வெளுப்பு, கீழ இருந்து பாத்தா கிட்டத்தட்ட வெள்ளை, இறக்கை நுனியில மட்டும் ஒடுக்கமா ஆப்பு வடிவத்துல ஒரு கருப்பு, அவ்ளோதான், வேற எந்தக் கோடும் கெடையாது. மாண்டேகு ஆண் அதை விட அழுக்குச் சாம்பல், இறக்கை நுனி கருப்பு நெறையா இருக்கும், அதோட இறக்கையோட மேல்பக்கம் நடுவுல நீளமா ஒரு கருப்புக் கோடு ஓடும், வயித்துல செங்கல் கலர்ல கீத்து கீத்தா இருக்கும். அந்தக் கருப்புக் கோடு இருக்கா இல்லயாங்கிறதுதான் களத்துல முதல் கேள்வி. வெயில் நல்லா விழுந்தா 200 மீட்டர்ல இருந்தே தெரியும், மேகமூட்டமா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும்.

பெண் பறவையும் இளசும் வந்தா தலைவலி ஆரம்பம். எல்லாம் பழுப்பு, எல்லாத்துக்கும் வால் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வெள்ளைப் பட்டை, வால்ல வரி வரியா கோடு. இந்த மாதிரி பழுப்பை எல்லாம் சேத்து ரிங்டெயில்னு சொல்லுவாங்க. பழகுன ஆளுங்களே நெறைய ரிங்டெயிலைப் பேர் சொல்லாம விட்டுருவாங்க. முயற்சி பண்ணணும்னா முகத்தையும் கழுத்தையும் பாருங்க. பாலிட் பெண்ணுக்கும் இளசுக்கும் கன்னத்துல கரும்பட்டை, அதுக்குப் பின்னாடி கழுத்தைச் சுத்தி வெளிர் நெறத்துல ஒரு காலர், அந்தக் காலருக்குப் பின்னாடி கழுத்தோட பக்கவாட்டு மறுபடி கருப்பா இருக்கும். மாண்டேகுல அந்தக் காலர் தெளிவா இருக்காது, அதுக்குப் பதிலா கண்ணைச் சுத்தி வெள்ளை அதிகமா தெரியும். இளசா வளந்ததான்னு தெரிஞ்சுக்க வயித்தைப் பாருங்க, இளசுக்கு வயிறு கோடே இல்லாம ஒரே ஆரஞ்சுப் பழுப்பா இருக்கும், வளந்த பெண்ணுக்கு வெளிர் வயித்துல கீத்து விழுந்திருக்கும். வடக்க போயி ஹென் ஹாரியர் இருக்குற ஏரியாவுல பாக்குறீங்கன்னா இறக்கை நுனியில விரல் மாதிரி விரிஞ்சு நிக்குற இறகை எண்ணணும், மாண்டேகுக்கும் பாலிட்டுக்கும் நாலு, ஹென்னுக்கு அஞ்சு. நம்ம பக்கம் அந்தக் கவலை இல்ல.

இதையெல்லாம் பறக்குற பறவையில பாக்கணும், அது நிக்காது, அதனால ஒரு கேமரா இருந்தா நல்லது. படம் மங்கலா இருந்தாலும் பரவால்ல, இறக்கையோட அடிப்பக்கம் விரிஞ்சிருக்குற மாதிரி ஒண்ணு, முகம் பக்கவாட்டுல தெரியுற மாதிரி ஒண்ணு கெடச்சா போதும், வீட்டுக்கு வந்து நிதானமா பாத்துக்கலாம். அழகான படம் எடுக்கணும்னு கிட்டக் கிட்டப் போறதுதான் தப்பு. அப்படியும் தெரியலன்னா, பாத்த பறவையை லிஸ்ட் போட்டுப் பதிவு பண்ற இபேர்ட் (eBird) ஆப்ல ஹாரியர் வகை ஏதோ ஒண்ணுன்னு போடுற மாதிரி வசதி இருக்கு, தாராளமா அதைப் போடுங்க. எல்லா பழுப்புக்கும் பாலிட்னு பேர் வச்சு லிஸ்ட் போட்டா, நாளைக்கு அந்த டேட்டாவை எடுத்து இந்தப் பறவை கூடுதா கொறையுதான்னு பாக்குறவங்களுக்குத்தான் சிக்கல்.

எங்க போறது? கூகுள் மேப்ல பச்சையா இருக்குற எடம் இல்ல. மரம் அடர்ந்த காட்டுக்குள்ள ஹாரியர் வராது. மரம் இல்லாத, பரந்த, முழங்கால் உயரத்துக்குப் புல்லு இருக்குற எடம் வேணும், பக்கத்துலயே மானாவாரி வயல் இருந்தா இன்னும் நல்லது. தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கரிசல் காடு, கோயம்புத்தூரைச் சுத்தி இருக்குற வெட்டவெளி, ஓசூர் பக்கத்துப் புல்லுத்தரை, இப்படி. உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் போட்ட காடும் சும்மா கெடக்குற நெலமும் மாறி மாறி வர்ற எடம்தான் அதுக்கு வேணும், ஏன்னா அதோட சாப்பாடு அங்கதான் இருக்கு, வெட்டுக்கிளி, எலி, வானம்பாடி, நெட்டைக்காலி, காடை. விவசாயிக்கு ஆகாத வெட்டுக்கிளியையும் எலியையும்தான் நாள் பூரா புடிச்சுத் திங்குது, ஆனா கோழிக்குஞ்சு தூக்குற பருந்தோட சேத்து இதையும் கல்லை விட்டு எறியுறவங்க இருக்காங்க.

வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெஞ்சுதுங்கிறதையும் பாத்துக்கங்க. மழை நல்லா இருந்தா மார்கழி, தை மாசத்துல புல்லும் பூச்சியும் நெறையா இருக்கும், ஹாரியரும் தங்கும். மழை பொய்ச்சுருச்சுன்னா வந்த பறவை வேற எடம் தேடிப் போயிரும். நவம்பர்ல மழைக்கு நடுவுல போயி நனைஞ்சுட்டு ஒண்ணும் இல்லன்னு திரும்பி வர்றதை விட டிசம்பர் கடைசிக்கு மேல போறது உத்தமம்.

பொருள்னு பெருசா ஒண்ணும் வேணாம். பைனாகுலர் 8×42ன்னு போட்டிருக்குறதை வாங்குங்க, எட்டு மடங்கு பெருசாக்கும், முன்னாடி கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலம்தான் பொழுது சாயுற நேரத்துல வெளிச்சம் கொடுக்கும். பத்து மடங்கு வாங்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க, கை நடுங்குறதும் பத்து மடங்கு தெரியும், பறக்குற பறவையைப் புடிக்கிறதும் கஷ்டம், வேணாம். தொப்பி, தண்ணி, மண் கலர்ல ஒரு சட்டை. கார் இருந்தா காருக்குள்ளயே ஒக்காந்து பாருங்க, மனுசனைக் கண்டா விலகுற பறவை நிக்குற வண்டியைக் கண்டுக்காது.

நிக்குற எடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஹாரியர் மெதுவாப் பறக்குறதுக்காக முடிஞ்ச வரைக்கும் காத்தை எதிர்த்துப் பறக்கப் பாக்கும். அப்ப காத்து உங்க முதுகுல இருந்து வயலைப் பாத்து அடிக்கிற மாதிரி நின்னீங்கன்னா பறவை உங்களை நோக்கி வரும். எதிர்ப்பக்கம் நின்னீங்கன்னா பூரா நேரமும் வாலைத்தான் பாப்பீங்க. சூரியனும் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். ரெண்டும் ஒண்ணா அமையலன்னா நான் சூரியனைத்தான் எடுத்துக்குவேன், வெளிச்சத்துக்கு எதிர்ல பாத்தா எல்லா பருந்தும் கருப்புதான். அப்புறம் காது. ஆட்காட்டி கத்துனா, காக்கா கூட்டமா எந்திரிச்சா, கரிச்சான் எதையோ தொரத்துனா, அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்புங்க. வயல்ல இருக்குற பறவைங்க நமக்கு முன்னாடியே பாத்துரும்.

இப்ப முக்கியமான சமாச்சாரம், ரூஸ்ட். பகல் பூரா ஆளுக்கு ஒரு திசையில தனித்தனியா வேட்டையாடுற ஹாரியருங்க, ராத்திரி தூங்க ஒரே எடத்துக்கு வரும். மரத்துல இல்ல, தரையில, உயரமான புல்லுக்குள்ள. மாண்டேகு, பாலிட், மார்ஷ்னு வித்தியாசம் பாக்காம ஒரே புல்வெளியில இறங்கும். பகல்ல பத்து கிலோமீட்டர் அலைஞ்சு ஒண்ணு பாக்குறதுக்குப் பதிலா, சாயங்காலம் ஒரு எடத்துல ஒக்காந்தா எல்லாமே நம்மளைத் தேடி வருது. அபூர்வமான ஹாரியர் பாக்கணும்னா இதுதான் ஒரே நல்ல வழின்னு நான் நெனைக்கிறேன், மத்ததெல்லாம் அதிர்ஷ்டம்.

சூரியன் மறையுறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே போயி ஒக்காந்துரணும். மொதல்ல ஒண்ணும் இருக்காது. அப்புறம் பக்கத்துல உழுது போட்ட வெறும் நெலத்தை பைனாகுலர்ல மெதுவா அளந்தீங்கன்னா, மண்ணாங்கட்டின்னு நெனச்ச ஒண்ணு தலையைத் திருப்பும். இதை ரூஸ்டுக்கு முந்துன கூட்டம்னு சொல்லலாம், உடனே புல்லுக்குள்ள போகாது, முன்னாடி வெட்டவெளியில ஒக்காந்து இறகு கோதிக்கிட்டு நிலவரம் பாக்கும். அப்புறம் ஒண்ணொண்ணா எந்திரிச்சு புல்லுக்கு மேல தாழ சுத்தும், எறங்குற மாதிரி எறங்கும், மறுபடி எந்திரிக்கும், ஏற்கனவே எறங்குனது மேல போயி இன்னொண்ணு எறங்கப் பாத்து ரெண்டும் எந்திரிக்கும். கடைசி இருபது நிமிஷத்துலதான் கூட்டம் வரும், மங்கலான வெளிச்சத்துல பழுப்பெல்லாம் கரைஞ்சு போயி பாலிட் ஆண் மட்டும் வெள்ளையா தனியாத் தெரியும். எண்ணுறப்ப எறங்குறதை மட்டும் எண்ணுங்க, சுத்துறதை எண்ணுனா ஒண்ணையே நாலு தடவை எண்ணிருவீங்க. ரெண்டு பேர் போனா ஒருத்தர் எண்ணிக்கை, ஒருத்தர் வகை, வேலையைப் பிரிச்சுக்கலாம்.

ரூஸ்ட் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல ஹாரியர் ஒண்ணு மேய்ச்சலை விட்டுட்டு ஒரே நேர்கோட்டுல போகுதுன்னா அந்தத் திசையைக் குறிச்சு வச்சுக்கங்க. அடுத்த தடவை அந்தத் திசையில ஒரு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நில்லுங்க. இல்லன்னா ஆடு மேய்க்கிறவங்களைக் கேளுங்க, அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. பறவை பேரைச் சொல்லாம நடத்தையைச் சொல்லிக் கேக்கணும். "அய்யா, பொழுது எறங்குறப்ப புல்லுக்குள்ள வந்து படுக்குற பருந்து இந்தப் பக்கம் உண்டா?"ன்னு கேட்டீங்கன்னா, "அந்தா அந்தப் பெரிய புல்லுக்காட்டுல வந்து விழும் தம்பி, காலையில ஆட்டைப் பத்திட்டுப் போனா எந்திரிச்சு ஓடும்"னு கையைக் காட்டுவாங்க. அவரோட ஒரு டீ சாப்பிட்டுப் பேசுனா அந்தப் புல்லை எப்ப அறுப்பாங்க, எப்ப தீ வைப்பாங்கங்கிற வரைக்கும் வெவரம் கெடைக்கும், அது எந்த ஆப்லயும் கெடைக்காது. பட்டா நெலமா இருந்தா உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுருங்க.

ரூஸ்டைப் பாக்குறதுல ஒரே ஒரு கண்டிஷன், தள்ளி நிக்கணும். தரையில தூங்குற பறவை அது, நரியும் நாயும் எப்ப வேணா வரலாம்ங்கிற பயத்துலயே இருக்கும். இருட்டுற நேரத்துல நாம போயி கெளப்பி விட்டா, அதால திரும்ப அந்த எடத்தைக் கண்டுபுடிச்சு எறங்குறது கஷ்டம். ரோட்டு மேலயோ வரப்பு மேலயோ 200, 300 மீட்டர் தள்ளி நின்னுக்கங்க, முடிஞ்சா டெலஸ்கோப் வச்சுப் பாருங்க. டிரோன் வேணாம், டார்ச், ஃபிளாஷ் வேணாம். நல்லா இருட்டுன பிறகு சத்தம் இல்லாம கெளம்பணும். எடத்தை இன்ஸ்டாகிராம்ல பின் பண்ணிப் போடுறதும் வேணாம், அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க பதினஞ்சு கார் நிக்கும். இது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவை, தொந்தரவு பண்றது சட்டப்படியும் சிக்கல்தான், ஆனா சட்டத்துக்குப் பயந்து ஒதுங்குறதை விட அது அத்தனாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து தூங்குதுன்னு ஒதுங்குனா நல்லாருக்கும்.

பெல்லட்னு ஒரு சமாச்சாரம் கேள்விப்படுவீங்க. சாப்ட்டதுல செரிக்காத எலும்பு, முடி, பூச்சியோட ஓடு எல்லாத்தையும் உருண்டையா சுருட்டி வாய் வழியாவே வெளிய தள்ளும். ஆராய்ச்சி பண்றவங்க பகல்ல பறவை எல்லாம் வெளிய போன பிறகு ரூஸ்டுல போயி அதைப் பொறுக்கிட்டு வந்து பிரிச்சுப் பாப்பாங்க, வெட்டுக்கிளியோட தாடையும் கால் துண்டுமா கொட்டும், எலி முடி இருக்கும், சின்னப் பறவையோட அலகு இருக்கும். இந்தப் பறவை இங்க என்ன சாப்பிடுதுன்னு நமக்குத் தெரிஞ்சதுல பாதி இப்படித் தெரிஞ்சதுதான். நீங்க பொறுக்கப் போக வேணாம்.

இந்தியாவுல ரூஸ்டுன்னு பேச்சு வந்தா குஜராத்துல பாவ்நகர் பக்கம் இருக்குற வேலாவதார் பேரு வராம இருக்காது. வெளிமானுக்காக உண்டாக்குன தேசியப் பூங்கா அது, மொத்தமே சுமார் 34 சதுர கிலோமீட்டர்தான், ஆனா உலகத்துலயே பெரிய ஹாரியர் ரூஸ்டுகள்ல ஒண்ணு அங்கதான். நல்ல வருஷத்துல நூத்துக்கணக்குல எறங்கும். பாலிட் ஆணும் மாண்டேகு ஆணும் பக்கத்துல பக்கத்துல பறக்குறதை ஒரே சாயங்காலத்துல பத்துத் தடவை பாத்தா, புத்தகத்துல படிச்ச அந்தக் கருப்புக் கோடு கணக்கு தானா மண்டையில ஏறிரும். மழைக்காலத்துல பூட்டிருவாங்க, ஜூன் நடுவுல இருந்து அக்டோபர் நடு வரைக்கும், அதனால டிசம்பர், ஜனவரிக்கு பிளான் பண்ணுங்க. அவ்ளோ தூரம் முடியாதுன்னா பெங்களூரு பக்கத்துல ஹெசரகட்டா புல்வெளி இருக்கு, அங்கயும் குளிர்காலத்துல ஹாரியர் வரும்.

தங்குற எடம் கொறையுதுன்னு சொன்னேன்ல. அரசாங்கக் கணக்குல நம்ம நாட்டுப் புல்வெளியில பெரும்பகுதி தரிசுன்னுதான் இருக்கு. தரிசுன்னா யாருக்கும் வேணாதது, அதனால காத்தாலையா, சோலாரா, ஃபேக்டரியா, மொதல்ல அங்கதான் கை வைப்பாங்க. அது கூடப் பரவால்ல, ஏன்னா அது வியாபாரம்னு வெளிப்படையா தெரியுது. எனக்குக் கடுப்பாகுறது நல்லது பண்றேன்னு புல்வெளியில குழி தோண்டி மரக்கன்னு நடுறதுதான். மரம் நின்னா புல்லு போயிரும், புல்லு போனா வானம்பாடி, காடை, ஹாரியர் எல்லாம் போயிரும். சீமைக்கருவேலம் வேற தன்னால பரவி மூடிட்டு வருது, வேலாவதார்லயே அதைப் புடுங்குறது ஓயாத வேலை. மேடு பள்ளம் இல்லாம மரம் இல்லாம வெறிச்சுன்னு கெடக்குற ஒரு புல்லுத்தரையைப் பாத்தா இனிமே சும்மா கெடக்குதுன்னு நெனைக்காம, ஒரு நாள் சாயங்காலம் அங்க நின்னு பாருங்க.

பாத்தாலும் பாக்கலன்னாலும் ஒரு லிஸ்ட் போட்டுருங்க. எந்த எடம், எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும், புல்லு எவ்ளோ உயரம், காத்து எப்படி, எத்தனை எறங்குச்சு, அதுல எத்தனை சாம்பல், எத்தனை பழுப்பு. போன வருஷம் முப்பது எறங்குன எடத்துல இந்த வருஷம் அஞ்சுதான்னா அது பெரிய செய்தி, ஆனா போன வருஷக் கணக்கு யாராச்சும் எழுதி வச்சிருந்தாத்தான் அது செய்தி. ரூஸ்டா இருந்தா இபேர்ட்ல அந்த லிஸ்ட்டை மறைச்சு வைக்கிற ஆப்ஷன் இருக்கு, இல்லன்னா எடத்தோட பேரைப் பொதுவா போட்டுக்கலாம்.

மார்ச் பாதிக்கு மேல எண்ணிக்கை எறங்க ஆரம்பிக்கும். சேட்டிலைட் டேக் கட்டி விட்ட பறவைங்களை வச்சுப் பாத்தப்ப இங்க இருந்து கெளம்பி கசகஸ்தான் வரைக்கும் போறது தெரிஞ்சிருக்கு. ஏப்ரல் முடியுறதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் காலி. மே, ஜூன்ல யாராச்சும் ஹாரியர் பாத்தேன்னு மெசேஜ் போட்டா, கம்பியில ஒக்காந்திருந்துச்சான்னு மட்டும் மொதல்ல கேளுங்க.